நான்கு விண்கலத் தரவிலிருந்து காந்தப்புலச் சரிவைக் கணக்கிடுவது எப்படி: புதியவர்களுக்கான வழிகாட்டி

பூமியின் காந்தப்புலம் ஆளும் பகுதியான காந்தமண்டலத்தின் எல்லையை ஒரு விண்கலம் கடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அரை நொடிக்குள் காந்தப்புலம் 20 நானோடெஸ்லா மாறுகிறது. அந்த எல்லை 10 கி.மீ. தடிமனில், நொடிக்கு 20 கி.மீ. வேகத்தில் கலத்தின் மேல் நகர்ந்து போயிருக்கலாம். 100 கி.மீ. தடிமனில், நொடிக்கு 200 கி.மீ. வேகத்திலும் போயிருக்கலாம். இரண்டுக்கும் வரைபடம் ஒன்றேதான். ஆனால் முதலாவதில் ஓடும் மின்னோட்டத்தின் அடர்த்தி இரண்டாவதைப் போல 10 மடங்கு. ஒரே கலத்தின் தரவை எவ்வளவு நுணுக்கமாக அலசினாலும், மாற்றம் நேரத்தால் வந்ததா இடத்தால் வந்ததா என்பதை அந்தத் தரவு மட்டும் சொல்லாது.

அதனால்தான் பல கலங்கள் வேண்டும். மொட்டைமாடியின் வாட்டம் பார்க்கும் கொத்தனார் ஒரு மூலையில் மட்டும் மட்டம் பிடிப்பதில்லை. மூன்று இடத்தில் பிடித்தால்தான் தளம் எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று தெரியும். தளத்துக்கு இரண்டு திசை, அதனால் மூன்று புள்ளி. விண்வெளியில் மூன்று திசை, அதனால் ஒரே தளத்தில் அமையாத நான்கு புள்ளிகள். நான்கு கலங்களை ஒரு நான்முகியின் முனைகளில் பறக்கவிடுவதற்குக் காரணம் இவ்வளவுதான். ஒவ்வொரு திசையிலும் ஒரு கி.மீ.-க்குப் புலம் எவ்வளவு மாறுகிறது என்பதைத்தான் சரிவு என்கிறோம்.

இந்தக் கணக்கின் சூத்திரம் பத்து வரி நிரலில் முடிந்துவிடும். கஷ்டம் அதில் இல்லை. எந்தத் தரவைக் கொடுத்தாலும் அந்தப் பத்து வரியும் ஏதோ ஓர் எண்ணைத் துப்பும், அதை நம்பலாமா கூடாதா என்று பார்ப்பதுதான் உண்மையான வேலை. இந்தக் கட்டுரையில் அதிக இடம் அதற்கே.

தரவு எங்கே கிடைக்கும்?

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இரண்டு திட்டங்கள் போதும். முதலாவது ஐரோப்பிய விண்வெளி முகமையின் கிளஸ்டர். 1996 ஜூன் 4 அன்று முதல் ஏரியான்-5 ராக்கெட் வெடித்ததில் அதன் முதல் நான்கு கலங்களும் அழிந்தன. மறுபடி கட்டி, 2000-ஆம் ஆண்டு ஜூலையிலும் ஆகஸ்டிலும் பைக்கோனூரிலிருந்து இரண்டிரண்டாக ஏவினார்கள். ரும்பா, சல்சா, சாம்பா, டேங்கோ என்று நடனப் பெயர்கள் வைத்தார்கள். சல்சா 2024 செப்டம்பர் 8 அன்று தென் பசிபிக்கின் மேல் வளிமண்டலத்தில் எரிந்து முடிந்தது. ஆனால் 20 ஆண்டுக்கு மேற்பட்ட தரவு காப்பகத்தில் திறந்தே கிடக்கிறது.

இரண்டாவது நாசாவின் எம்எம்எஸ் (MMS), காந்தமண்டலத்தை ஆராயும் நான்கு கலங்கள், 2015 மார்ச்சில் ஏவப்பட்டது. கிளஸ்டர் கலங்களின் இடைவெளி சில நூறு கி.மீ. முதல் பல ஆயிரம் கி.மீ. வரை மாறியது. எம்எம்எஸ் கலங்களோ சுமார் 7 கி.மீ. வரை நெருங்கிப் பறந்திருக்கின்றன. இந்த வித்தியாசம் பின்னால் மிக முக்கியமாகிறது, நினைவில் வையுங்கள்.

நம்மில் பலர் ஆதித்யா-எல்1 தரவைத்தான் முதலில் திறந்திருப்போம். அதன் 6 மீட்டர் கையில் இரண்டு காந்தமானிகள் இருக்கின்றனவே, அவற்றை வைத்துச் சரிவு காண முடியாதா என்று கேட்கலாம். முடியாது. அவை 3 மீட்டர் இடைவெளியில் இருப்பது கலத்தின் சொந்தக் காந்தப்புலத்தைப் பிரித்துக் கழிப்பதற்காக. சூரியக் காற்றின் புலம் அந்தத் தூரத்துக்குள் அளக்கும்படியாக மாறாது.

முதல் வேலை: நான்கு தரவையும் ஒரே நேரத்துக்குக் கொண்டுவருவது

எம்எம்எஸ்ஸின் ஃப்ளக்ஸ்கேட் காந்தமானி அதிவேகப் பதிவில் நொடிக்கு 128 அளவுகள் தருகிறது. நான்கு கலங்களும் ஒரே கணத்தில் அளப்பதில்லை, ஒவ்வொன்றின் நேரமுத்திரையும் கொஞ்சம் கொஞ்சம் விலகியிருக்கும். ஒரு கலத்தின் நேர வரிசையை அடிப்படையாக எடுத்துக்கொண்டு, மற்ற மூன்றையும் அந்த நேரங்களுக்கு இடைச்செருகல் செய்யுங்கள், அதாவது அடுத்தடுத்த இரு அளவுகளிலிருந்து நடுவே உள்ள மதிப்பைக் கணியுங்கள்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், காந்தமண்டல எல்லை நொடிக்கு 100 கி.மீ. வேகத்தில் நகர்கிறது என்று கொள்ளுங்கள். நேரத்தில் 10 மில்லிநொடி பிசகினால் அது 1 கி.மீ. இடப்பிழைக்குச் சமம். கலங்களின் இடைவெளியே 10 கி.மீ. என்றால், பத்தில் ஒரு பங்கு அங்கேயே போய்விட்டது.

தரவைக் குறைக்க வேண்டுமானால், நடுநடுவே புள்ளிகளை எடுத்துப் போடாதீர்கள். முதலில் சராசரி எடுத்து அல்லது வடிகட்டி, அப்புறம் குறையுங்கள். இல்லாவிட்டால் வேகமான அலைகள் மெதுவான மாற்றம் போல வேஷம் போட்டு உள்ளே வந்துவிடும்.

எம்எம்எஸ் கோப்பைத் திறக்கிறவர்கள் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. காந்தப்புல மாறியில் மூன்று நெடுவரிசைகளுக்குப் பதில் நான்கு இருக்கும். நான்காவது புலத்தின் மொத்த அளவு. அதையும் ஒரு கூறு என்று நினைத்துக் கணக்கில் விட்டால் எல்லாம் தப்பாகும். முதல் மூன்றை மட்டும் எடுங்கள்.

புலமும் இடமும் ஒரே அச்சுமுறையில் இருக்கட்டும். ஜிஎஸ்இ முறையில் எக்ஸ் அச்சு சூரியனை நோக்கும், இசட் அச்சு பூமியின் சுற்றுப்பாதைத் தளத்துக்குச் செங்குத்தாக வடக்கே நிற்கும். ஜிஎஸ்எம் முறையிலும் எக்ஸ் அச்சு அதேதான், ஆனால் மற்ற இரண்டும் பூமியின் காந்த அச்சைப் பொறுத்துத் திரும்பியிருக்கும். இடத்தை ஜிஎஸ்இ-யிலும் புலத்தை ஜிஎஸ்எம்-இலும் வைத்தால் எந்தப் பிழைச்செய்தியும் வராது. விடை மட்டும் சத்தமில்லாமல் கெட்டிருக்கும்.

கணக்கு: கையால் ஒரு தடவை

மென்பொருளைத் தொடும் முன் இதைத் தாளில் போட்டுப் பாருங்கள். நான்கு கலங்களின் இடம், கி.மீ. கணக்கில்:

கலம் 1: (0, 0, 0)
கலம் 2: (10, 0, 0)
கலம் 3: (0, 10, 0)
கலம் 4: (0, 0, 10)

ஒரே கணத்தில் அவை அளந்த காந்தப்புலம், நானோடெஸ்லாவில்:

கலம் 1: (20, 5, 0)
கலம் 2: (20.1, 5, 0)
கலம் 3: (20, 5, 0)
கலம் 4: (26, 5, 0)

கலங்களுக்கு இடையே புலம் நேர்கோட்டில் மாறுகிறது என்பது நம் அடிப்படை அனுமானம். அப்படியானால் கலம் 1-இலிருந்து மற்ற மூன்றுக்கும் உள்ள இடைவெளி வெக்டர்களை மூன்று வரிசைகளாக அடுக்கினால் ஒரு 3×3 அணி கிடைக்கும். அந்த அணியை, தெரியாத சரிவு வெக்டரால் பெருக்கினால் புல வேறுபாடுகள் வர வேண்டும். எனவே அணியின் நேர்மாறைக் கண்டு, வேறுபாடுகளோடு பெருக்கினால் சரிவு. புலத்தின் மூன்று கூறுகளுக்கும் தனித்தனியே இதைச் செய்தால் ஒன்பது எண்கள் கிடைக்கும்.

நேர்மாறு அணியின் மூன்று நெடுவரிசைகளுக்குத்தான் தலைகீழி வெக்டர்கள் என்று பெயர். கலம் 2, 3, 4 ஒவ்வொன்றுக்கும் ஒன்று. அந்த மூன்றையும் கூட்டிக் குறி மாற்றினால் கலம் 1-இன் வெக்டர். நான்கின் கூட்டுத்தொகை எப்போதும் பூஜ்யம், நிரல் சரியா என்று பார்க்க இதுவே முதல் சோதனை. ஒரு தலைகீழி வெக்டர், அந்தக் கலத்துக்கு எதிரே உள்ள முக்கோண முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும். அதன் நீளம், அந்த முகத்திலிருந்து கலம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதன் தலைகீழி. உயரம் குறைந்தால் வெக்டர் நீளும், பிழையும் அதோடு சேர்ந்து பெருகும். இந்த ஒரு வடிவியல் உண்மை மனதில் தங்கிவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது.

நம் எடுத்துக்காட்டில் கலம் 2-இன் வெக்டர் (0.1, 0, 0), கலம் 3-க்கு (0, 0.1, 0), கலம் 4-க்கு (0, 0, 0.1), கலம் 1-க்கு (−0.1, −0.1, −0.1). ஒவ்வொரு வெக்டரையும் அந்தக் கலத்தின் அளவால் பெருக்கி நான்கையும் கூட்டினால் சரிவு. புலத்தின் எக்ஸ் கூறுக்கு அது (0.01, 0, 0.6). அதாவது இசட் திசையில் கி.மீ.-க்கு 0.6 நானோடெஸ்லா ஏறுகிறது. ஒய், இசட் கூறுகளுக்குச் சரிவு பூஜ்யம்.

புலத்தின் கர்ல் (புலம் எவ்வளவு சுழல்கிறது என்ற அளவு) காண, தலைகீழி வெக்டருக்கும் புலத்துக்கும் குறுக்குப் பெருக்கம் செய்து நான்கையும் கூட்டுங்கள். டைவர்ஜன்ஸுக்கு (புலம் ஓர் இடத்திலிருந்து எவ்வளவு விரிந்து வெளியேறுகிறது என்ற அளவு) புள்ளிப் பெருக்கம். இங்கே கர்ல் (0, 0.6, 0), டைவர்ஜன்ஸ் 0.01.

ஆம்பியர் விதிப்படி கர்லை μ₀ (மியூ நாட்) என்ற காந்த மாறிலியால் வகுத்தால் மின்னோட்ட அடர்த்தி. அலகு மாற்றத்தை ஒருமுறை செய்து சுவரில் ஒட்டிக்கொள்ளலாம்: கி.மீ.-க்கு 1 நானோடெஸ்லா என்றால் சதுர மீட்டருக்கு 796 நானோ ஆம்பியர். ஆகவே நம் மின்னோட்டம் ஒய் திசையில் சுமார் 478 நானோ ஆம்பியர். இந்தக் கணக்கைத்தான் கர்லோமீட்டர் என்கிறார்கள்.

பைத்தானில் பைஸ்பெடாஸ் தொகுப்பில் இதற்கென்றே தனிச் செயற்கூறு இருக்கிறது. பயன்படுத்துங்கள், தவறில்லை. ஆனால் மேலே உள்ள எண்களை முதலில் உங்கள் சொந்த நிரலில் போட்டு 478 வருகிறதா என்று பாருங்கள்.

நான்முகியின் வடிவம்

கலங்கள் எப்போதும் ஒழுங்கான நான்முகியாக நிற்பதில்லை. சுற்றுப்பாதையில் போகப் போக அது நீளும், தட்டையாகும், சில இடங்களில் கிட்டத்தட்ட ஒரு கோடாகவே ஆகிவிடும். வடிவத்தை அளக்க, நான்கு இடங்களின் சராசரியைக் கழித்துவிட்டு, மிச்ச வெக்டர்களை வைத்து ஒரு சக மாறுபாட்டு அணி கட்டுங்கள், 4-ஆல் வகுங்கள். அதன் மூன்று ஐகன் மதிப்புகளின் வர்க்கமூலங்கள் பெரிய, நடு, சிறிய அச்சு நீளங்கள்.

நடு நீளத்தைப் பெரியதால் வகுத்து 1-இலிருந்து கழித்தால் நீட்சி. சிறியதை நடுவால் வகுத்து 1-இலிருந்து கழித்தால் தட்டைமை. இரண்டும் பூஜ்யம் என்றால் ஒழுங்கான நான்முகி. நம் எடுத்துக்காட்டில் அச்சு நீளங்கள் 5, 5, 2.5 கி.மீ., நீட்சி 0, தட்டைமை 0.5. இரண்டில் ஒன்று 0.6-ஐத் தாண்டினால் அந்தப் பகுதியை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

இதிலிருந்து ஓர் அழகான பிழைச் சூத்திரம் கிடைக்கிறது. காந்தமானியின் பிழையை, ஓர் அச்சு நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால், அந்த அச்சுத் திசையில் சரிவுக்கு வரும் பிழை. காந்தமானிப் பிழை 0.1 நானோடெஸ்லா என்று கொண்டால், நம் நான்முகியின் நீண்ட திசைகளில் கி.மீ.-க்கு 0.01, குட்டைத் திசையில் 0.02. பின்னதை மின்னோட்டமாக மாற்றினால் 16 நானோ ஆம்பியர். 478-க்கு எதிரே இது ஒன்றுமில்லை.

இனி இதே கலங்களைக் காந்தவாலின் (காந்தமண்டலம் சூரியனுக்கு எதிர்ப்பக்கம் வால் போல நீளும் பகுதி) அகன்ற மின்னோட்டத் தாளுக்கு, அதாவது தாள் போலப் பரந்து மின்னோட்டம் ஓடும் இடத்துக்குக் கொண்டுபோங்கள். அங்கே 4000 கி.மீ. தூரத்தில் 40 நானோடெஸ்லா மாறுகிறது என்றால், மின்னோட்டம் வெறும் 8 நானோ ஆம்பியர். பிழை 16. வரைபடத்தில் தெரிவதெல்லாம் காந்தமானியின் பிழைதான். அதற்கு கிளஸ்டர் போல 1000 கி.மீ. இடைவெளி வேண்டும், அப்போது பிழை நூறில் ஒரு பங்காகக் குறையும். ஆனால் அந்த 1000 கி.மீ. நான்முகியைச் சில நூறு கி.மீ. தடிமனுள்ள காந்தமண்டல எல்லையில் வைத்தால், இரண்டு கலங்கள் எல்லைக்கு உள்ளேயும் இரண்டு வெளியேயும் நிற்கும். நேர்கோட்டு மாற்றம் என்ற அனுமானமே உடைந்துபோகும், மின்னோட்டம் உண்மையைவிடக் குறைவாக வரும்.

இடைவெளி சிறிதானால் அளவீட்டுப் பிழை தின்னும். பெரிதானால் அனுமானம் உடையும். இரண்டுக்கும் நடுவே ஒரு சன்னல்தான் இருக்கிறது. உங்கள் நிகழ்வு அதற்குள் விழுகிறதா என்று தாளில் கணக்குப் போட்டுப் பார்க்காமல் தரவைப் பதிவிறக்கவே வேண்டாம் என்பேன்.

டைவர்ஜன்ஸ் சொல்வதும் சொல்லாததும்

காந்தப்புலத்தின் டைவர்ஜன்ஸ் இயற்கையில் எப்போதும் பூஜ்யம். நம் கணக்கில் 0.01 வந்தது. கலம் 2-இல் நான் வேண்டுமென்றே சேர்த்த 0.1 நானோடெஸ்லாதான் அதற்குக் காரணம். டைவர்ஜன்ஸை கர்லால் வகுத்தால் 0.017, கிட்டத்தட்ட 2 சதவீதம். இந்த விகிதத்தைத்தான் எல்லோரும் தரக் குறியீடாகப் போடுகிறார்கள்.

போடுவது நல்லதே. ஆனால் அதை மட்டுமே நம்புவது ஆபத்து. கலம் 4-இன் எக்ஸ் கூறில் 0.1 பிழை இருந்திருந்தால், டைவர்ஜன்ஸ் துளியும் அசைந்திருக்காது, மின்னோட்டம் மட்டும் 8 நானோ ஆம்பியர் மாறியிருக்கும். பிழை எந்தக் கூறில் விழுந்தது என்பதைப் பொறுத்து, டைவர்ஜன்ஸ் அதைக் காட்டலாம், காட்டாமலும் போகலாம். அதேபோல மின்னோட்டம் இல்லாத அமைதியான பகுதியில் கர்ல் சிறியது, விகிதம் எகிறும். அதற்காக அந்தத் தரவு மோசம் என்று பொருளில்லை. விகிதம் பெரிதானால் நின்று பாருங்கள். சிறிதாக இருக்கிறது என்பதற்காக நிம்மதி அடைய வேண்டாம்.

அமைதியான பகுதியால் இன்னொரு லாபம் உண்டு. நிகழ்வுக்குச் சற்று முன்போ பின்போ, மின்னோட்டம் இருக்கக் காரணமில்லாத ஓர் இடத்தில் அதே கணக்கை ஓட்டுங்கள். அங்கே வருகிற மின்னோட்டம், காந்தமானிகளுக்கு இடையே மிச்சமிருக்கும் அளவுத்திருத்தப் பிழையின் நேரடிப் படம். காகிதத்தில் போட்ட பிழைக் கணக்கைவிட இதை நான் அதிகம் நம்புவேன்.

பூமிக்கு அருகில், சில பூமி ஆர தூரத்துக்குள் வேலை செய்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அங்கே பூமியின் சொந்தப் புலமே மிக வளைந்து மாறும், அது நேர்கோடாக இல்லாததால் இல்லாத மின்னோட்டத்தைக் காட்டும். பூமிப் புலத்துக்கான கணித மாதிரி தரும் மதிப்பைக் கழித்துவிட்டு, மிச்சத்தை மட்டும் கணக்கில் விடுங்கள்.

துகள் தரவோடு ஒப்பிடுவது

எம்எம்எஸ்ஸில் மின்னோட்டத்தைக் காண இரண்டாவது, முற்றிலும் தனியான வழி ஒன்று இருக்கிறது. எலக்ட்ரான்களின் வேகத்தை 30 மில்லிநொடிக்கு ஒருமுறையும், அயனிகளின் வேகத்தை 150 மில்லிநொடிக்கு ஒருமுறையும் அது அளக்கிறது. அயனி வேகத்திலிருந்து எலக்ட்ரான் வேகத்தைக் கழித்து, அடர்த்தியாலும் மின்னூட்டத்தாலும் பெருக்கினால் மின்னோட்டம். இதை ஒவ்வொரு கலத்திலும் தனித்தனியே செய்து, நான்கின் சராசரியை கர்லோமீட்டர் விடையோடு ஒரே வரைபடத்தில் போடுங்கள். இரண்டும் ஒட்டிப்போனால், அதைவிடப் பெரிய ஆறுதல் இந்தத் துறையில் இல்லை. நான்முகிக்குள் அடங்கும் மெல்லிய மின்னோட்டத் தாள்களில், தனிக் கலத்தின் துகள் மின்னோட்டம் கூர்மையாகவும் கர்லோமீட்டர் மழுங்கியும் தெரியும். அந்த வித்தியாசமே தாளின் தடிமனைப் பற்றிய துப்பு.

அதே வெக்டர்கள், நேரத்துக்கு

தலைகீழி வெக்டர்களின் இன்னொரு பயனைச் சொல்லாமல் விட மனமில்லை. ஒரு தட்டையான எல்லை நான்கு கலங்களையும் வெவ்வேறு நேரத்தில் கடக்கிறது. அந்த நேரங்களையே ஓர் அளவாக வைத்துச் சரிவு கண்டால், அந்த வெக்டரின் திசை எல்லையின் செங்குத்துத் திசை, நீளத்தின் தலைகீழி வேகம். நம் நான்முகியில் கலம் 1-இலும் 4-இலும் நேரம் 0, கலம் 2-இல் 0.10 நொடி, கலம் 3-இல் 0.05 நொடி என்றால், சரிவு (0.01, 0.005, 0), வேகம் நொடிக்கு சுமார் 89 கி.மீ., திசை (0.89, 0.45, 0). தொடக்கத்தில் கேட்ட தடிமனா வேகமா என்ற கேள்விக்கு நேரடி விடை இதுதான். கடக்கும் நேரத்தை வேகத்தால் பெருக்கினால் தடிமன்.

கலங்கள் மூன்றே இருந்தால், அவை அமைக்கும் தளத்துக்குள் மட்டும் சரிவு கிடைக்கும், செங்குத்துத் திசைக்கு வேறு அனுமானம் வேண்டும். நான்குக்கு மேல் இருந்தால் மீச்சிறு வர்க்க முறை, சூத்திரம் கிட்டத்தட்ட மாறாது. நாசா 2022-இல் தேர்ந்தெடுத்த ஹீலியோஸ்வார்ம் திட்டத்தில் ஒன்பது கலங்கள். ஒன்பதிலிருந்து நான்கு நான்காக எடுத்தால் 126 நான்முகிகள். சிறிய இடைவெளியிலும் பெரிய இடைவெளியிலும் ஒரே நேரத்தில் சரிவு காணலாம். மேலே சொன்ன சன்னல் பிரச்சினையை இவ்வளவு நேரடியாகத் தாக்கும் திட்டம் என்பதால் எனக்கு இதில் பெரிய ஆர்வம்.

பயிற்சிக்கு எடுக்க வேண்டிய நிகழ்வு

2015 அக்டோபர் 16, உலக நேரம் 13:07. எம்எம்எஸ் காந்தமண்டல எல்லையில் காந்த மறுஇணைப்பு (காந்தப்புலக் கோடுகள் அறுந்து வேறு விதமாக இணைவது) நடக்கும் எலக்ட்ரான் பகுதிக்குள்ளேயே நுழைந்த நிகழ்வு இது, கலங்களின் இடைவெளி சுமார் 10 கி.மீ. அதிவேகப் பதிவுத் தரவை அந்த ஒரு நிமிடத்துக்கு மட்டும் இறக்குங்கள். ஐந்து பட்டைகள் உள்ள ஒரே வரைபடம் போடுங்கள்: நான்கு கலங்களின் காந்தப்புலம், கர்லோமீட்டர் மின்னோட்டம், துகள் மின்னோட்டம், டைவர்ஜன்ஸ் விகிதம், நீட்சியும் தட்டைமையும். அப்புறம் நான்கு காந்தமானி அளவுகளிலும் 0.1 நானோடெஸ்லா அளவுக்குத் தற்செயல் பிழையைச் சேர்த்து, கணக்கை 1000 தடவை ஓட்டி, மின்னோட்ட வளைவைச் சுற்றி வரும் பட்டையின் அகலத்தையும் அதே படத்தில் வரையுங்கள். உங்கள் விடையை யாரிடம் காட்டினாலும், அந்தப் பிழைப் பட்டையோடு சேர்த்தே காட்டுங்கள்.